ஆயுத பூஜையன்று ஓடாத ஜெனரேட்டர்

பாதுகாப்பு வாரத்தில் பேச வரவேண்டும் என்று பொம்மசந்திராவிலுள்ள ஒரு தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. ஏற்பாடு செய்தவர் ஓர் இளம் பொறியாளர். முன்கூட்டியே ஹெப்பகோடியில் என் வீட்டுக்கு வந்து, காபி குடித்தபடி கேட்டார்:

"சார், உங்க சர்வீஸ்ல பாத்த பெரிய ஆக்சிடென்ட் ஒண்ணு சொல்லுங்க. அப்பதான் ஆளுங்களுக்கு பயம் வரும்."

"என் பொறுப்புல இருந்த எஞ்சின் ரூம்ல யாருக்கும் அடிபடலையே" என்றேன்.

"ஒண்ணு கூட இல்லியா?"

"ஒண்ணு கூட இல்ல."

அவருக்கு ஏமாற்றமாகப் போயிற்று. "அப்ப என்ன சார் பேசுவீங்க?" என்றார்.

அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். விபத்து நடந்தால் ஊர் பேசும். நடக்காமல் போனதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆனால் நடக்காமல் போனதற்கும் ஆட்கள் உண்டு, இடம் உண்டு, காரணம் உண்டு.

நான் பெங்களூர் மர்ஃபி டவுனில் வளர்ந்தவன். ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்தேன். ஓசூர் சாலையில், ஜெனரேட்டர்களைப் பொருத்தி, ஓட்டிச் சோதித்து, லாரியில் ஏற்றி அனுப்பும் ஒரு கம்பெனியில் முதல் வேலை. நாள் முழுவதும் ஏதாவது ஓர் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் அருகே எப்படி நிற்பது என்பதை அங்கே கற்றேன். சுழலும் விசிறிக்குப் பக்கவாட்டில் நிற்கக் கூடாது; தகடு உடைந்தால் பறந்து வரும் திசை அதுதான். டீசல் குழாயில் கசிவு என்றால் கையால் தடவித் தேடக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் ஊசிபோல் இறங்கிவிடும். ஓர் அட்டைத் துண்டை நீட்ட வேண்டும். அட்டை நனையும் இடத்தில் கசிவு இருக்கிறது. மோதிரம், வாட்ச், செயின் எல்லாம் சாப்பாட்டுப் பையோடு வெளியே.

துண்டைப் பற்றி மட்டும் அங்கே விதி இல்லை. ஒரு கோடைக்காலக் காலையில், என்னோடு வேலை செய்த அந்தோணி அண்ணன் கழுத்தில் துண்டோடு ஓடும் எஞ்சின் மேல் குனிந்தார். பெல்ட் துண்டின் நுனியைப் பிடித்தது. முடிச்சுப் போடாத துண்டு என்பதால் கழுத்தைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. எஞ்சினை நிறுத்திப் பார்த்தபோது அது நூலாகக் கிடந்தது. அண்ணன் கழுத்தைத் தடவிக்கொண்டு, "புதுத் துண்டுபா" என்றார். மறுநாளிலிருந்து அந்தக் கூடத்தில் யார் தோளிலும் துண்டு இல்லை.

அந்த நாட்களில் வேலை முடிந்ததும் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு ஓசூர் சாலைச் செய்திகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். லாரி கவிழ்ந்தது, ஏரி நிரம்பியது, இப்படி. "தீ மின்கசிவால் ஏற்பட்டது" என்று ஒருமுறை எழுதினேன். உதவி ஆசிரியர் போனில் பிடித்துக்கொண்டார். "நீ பாத்தியா? பாத்தவர் யார்கிட்டயாவது கேட்டியா? ரெண்டும் இல்லன்னா அந்த வரி எதுக்கு?" செய்தி எழுதுவதை அப்புறம் விட்டுவிட்டேன். அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது.

பிறகு அத்திபெலேக்கு அருகே ஒரு குளிர்கிடங்கில் எஞ்சின் அறைப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். வெளிநாட்டுக்குப் போகும் ரோஜாக்கள் அங்கே இரவு பகலாகக் குளிரில் இருக்கும். குளிரூட்டும் கம்ப்ரசர்கள் ஒரு பக்கம். மறுபக்கம் தனி அறையில், லாரி அளவுக்கு ஒரு ஜெனரேட்டர். அது 'ஆட்டோ'வில் இருந்தது. அதாவது, கரண்ட் போனால் சுவரிலிருக்கும் பேனலே உணர்ந்து, பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் கொடுத்து, எஞ்சினைக் கிளப்பிவிடும். ஆள் வேண்டியதில்லை. கரண்ட் வந்தால் தானே நிறுத்திவிடும்.

ஆள் வேண்டாம் என்பதுதான் எனக்கு உறுத்தியது. ஓடும் எஞ்சின் சத்தம் போட்டு எச்சரிக்கிறது. அதற்குள் கையை விட முட்டாளும் யோசிப்பான். ஆட்டோவில் நிற்கும் எஞ்சின் சத்தமில்லாமல் நிற்கிறது. அதன் விசிறியைத் துணியால் துடைக்க யாரும் யோசிப்பதில்லை. நம் பக்கத்தில் கரண்ட் சொல்லிவிட்டுப் போவதுமில்லை.

இதை என்னைவிடத் தெளிவாகப் பார்த்தவர் எங்கள் பராமரிப்பு மேலாளராக வந்த வனஜாக்ஷி மேடம். மண்டியாக்காரர். தமிழை எங்களிடமே கற்றார். அதனால் அவர் பேசியது பாதி கன்னடமும் பாதி கன்டோன்மென்ட் தமிழும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எஞ்சின் அறை வாசலில் நின்று வளையல்களைக் கழற்றிக் கைப்பையில் போடுவார், துப்பட்டாவை மடித்து அதன் மேல் வைப்பார், பின்னலைச் சட்டைக் காலருக்குள் செருகுவார். அதன்பிறகுதான் உள்ளே வருவார். ஒரு நிமிட வேலைக்கும் இதே வரிசை. கிடங்கின் ஓனர் கூடவே நின்று அவசரப்படுத்தினாலும் இதே வரிசை.

முதல் வாரமே எங்கள் சீனியர் எலெக்ட்ரீஷியன் முனிரத்னத்தின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டார். அதில் மூன்று கயிறுகள் இருந்தன.

"இது என்ன?"

"இது முனீஸ்வரன் கோயில்து மேடம். இது தர்கால மந்திரிச்சது. இது மாதா கோயில்து."

"மூணு பேர் இருக்காங்க. பெல்ட் புடிச்சா யாரு உன்ன இந்தப் பக்கம் இழுப்பாங்க?"

"அறுக்க மட்டும் சொல்லாதீங்க மேடம், பாவம்."

"அறுக்க பேடா. எடம் மாத்து. இடுப்புல கட்டிக்கோ."

முனிரத்னம் மறுநாள் வெறும் மணிக்கட்டோடு வந்தான். "எந்தச் சாமியும் இடுப்புல இருக்க மாட்டேன்னு சொல்லல குரு" என்று சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொன்னான். பெங்களூரில் பிறந்தவன், யாரைக் கண்டாலும் குருதான்.

அடுத்து பூட்டு வந்தது. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளின் நடுவே மேடம் ஒரு கைப்பிடி ஸ்விட்ச் வைக்கச் சொன்னார். அதை அணைத்தால் பேட்டரி எவ்வளவு துடித்தாலும் எஞ்சின் சுழலாது. அந்தக் கைப்பிடியில் பல துளைகளுள்ள ஓர் இரும்புக் கொக்கி. ஜெனரேட்டரில் கைவைக்கும் ஒவ்வொருவரும் தன் பூட்டைத் தானே அதில் போட வேண்டும். சாவி அவரவர் ஜேப்பில். மாற்றுச்சாவி கிடையாது. என் பூட்டை முனிரத்னம் திறக்க முடியாது, அவன் பூட்டை மேடம் திறக்க முடியாது. கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டை எடுக்கும்வரை எஞ்சினுக்கு உயிர் இல்லை.

முதல் நாள் நான் பூட்டிவிட்டுப் போய்ச் சொன்னேன்.

"பூட்டியாச்சு மேடம்."

"ஸரி. இனி ஓடாதுன்னு ஹேகே, எப்டி தெரியும்?"

"சாவி என் ஜேப்புல இருக்குதே."

"அது சாவி எங்க இருக்குதுன்னு சொல்ற, செல்வம். இது ஓடாதுன்னு ஹேகே தெரியும்?"

மேடம் பேனலுக்குப் போய், கையால் இயக்கும் நிலைக்குத் திருப்பி, பச்சைப் பொத்தானை அழுத்தினார். எஞ்சின் அசையவில்லை. மறுபடியும் ஆஃபில் வைத்தார்.

"இப்ப தெரியும்" என்றார்.

பத்திரிகையின் உதவி ஆசிரியர் கேட்ட கேள்வியேதான். பூட்டுவது, அழுத்திப் பார்ப்பது, பிறகு கைவைப்பது என்பது எங்கள் அறையின் வழக்கமாயிற்று.

இது ஓனருக்குப் பிடிக்கவில்லை. காரணமில்லாமல் இல்லை. ஒரு மதியம் நாங்கள் பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. ஆட்கள் வெளியே வந்து, பூட்டுகளை எடுத்து, எஞ்சினைக் கிளப்பும்வரை கிடங்கு இருட்டாக இருந்தது. ரோஜாக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கதவை மூடியே வைத்தால் அறையின் குளிர் லேசில் குறையாது என்று மேடம் முன்பே கம்ப்ரசர்களை நிறுத்தி வெப்பமானியைப் பார்த்துச் சொல்லியிருந்தார். ஓனர் கேட்டுக்கொண்டார், ஆனால் மனம் ஒப்பவில்லை. எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார்.

"டெஸ்ட் வேற, வியாபாரம் வேற மேடம். லட்சக்கணக்குல பூ உள்ள இருக்கும்போது எனக்கு மனசு திக்குதிக்குங்குது. தசரா வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள இன்னொரு தடவ கரண்ட் போயி, ஜெனரேட்டர் வரலேன்னு வைங்க, பூட்டும் வேணாம், பூட்டச் சொன்னவங்களும் வேணாம்."

என்னைப் பார்த்து, "உனக்கும் சேத்துதான் செல்வம்" என்றார்.

வெளியே வந்ததும் மேடம், "பூட்டறத நிறுத்தலாமா?" என்று கேட்டார். என் மகள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம் யோசித்தேன். "வேணாம் மேடம்" என்றேன். "ஸரி" என்று நடந்துவிட்டார். அதற்குமேல் நாங்கள் அதைப் பேசவில்லை.

ஆயுத பூஜை வந்தது.

பெங்களூர்த் தொழிற்சாலைகளில் அன்று என்ன நடக்கும் என்பது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முந்தின நாளே இயந்திரங்களின் கம்பிவலைக் காப்புகளைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பெயின்ட் அடித்துவிடுவார்கள். விடிந்ததும் வாழைக்கன்று, மாவிலை, சாமந்தி மாலை. பெல்ட்டுக்கும் புல்லிக்கும் சந்தனம், குங்குமம். பூசணிக்காய் உடைப்பு, கடலைப்பொரி. நல்ல நேரத்துக்குள் எல்லா இயந்திரத்தையும் ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். ஆண்டு முழுவதும் காப்பு இல்லாமல் கிட்டே போகாதவன்கூட அன்று மாலையோடு நேராக உள்ளே கையை விடுவான். ஆண்டில் அதிகம் பயப்பட வேண்டிய நாள் அதுதான். யாரும் பயப்படாததும் அன்றுதான்.

எங்கள் ஜெனரேட்டரில் ஒரு கூடுதல் வழக்கம் உண்டு. விசிறியின் ஒவ்வொரு தகட்டிலும் சந்தனம் வைத்து, நடுவில் தகடுகள் சேரும் குடத்தில் மஞ்சள் கயிறு கட்ட வேண்டும். ஓட்டுவதற்கு முன் அறுத்துவிடுவோம். கட்டுவது எப்போதும் முனிரத்னம்தான். அவன் கை நீளம்.

காலையில் மேடம், நான், முனிரத்னம் மூவரும் பூட்டுப் போட்டோம். அழுத்திப் பார்த்தோம். பேனலில் விளக்கு எதுவும் எரியாமல் ஆஃபில் வைத்தோம். முனிரத்னத்துக்கு அது பொறுக்கவில்லை.

"இன்னா குரு இது, பொணத்துக்கா பூஜை பண்ணுவாங்க? வெளக்காவது எரிய வேணாமா?"

"பூஜை முடிஞ்சதும் எரியும்."

"வருஷத்துல ஒரு நாளு. சும்னே பேஜார் பண்றீங்க ரெண்டு பேரும்."

ஓனர் மனைவியோடும் தாயாரோடும் வந்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னான். மேடமும் நானும் வரவேற்கப் போனோம். திரும்ப வந்தபோது பேனலில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்தேன். முனிரத்னம் சுவிட்சை ஆட்டோவுக்குத் திருப்பியிருந்தான். அவன் வலது கை தோள்வரை விசிறிக்குள் இருந்தது. மஞ்சள் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். ஐயர் மணியை எடுத்தார். ஓனர் குடும்பம் வாசலில் கைகூப்பி நின்றது.

"முனிரத்னம், யாரு திருப்புனது?" என்று கேட்க வாயைத் திறந்தேன். கரண்ட் போயிற்று.

டியூப்லைட் அணைந்தது. பக்கத்துக் கூடத்தில் கம்ப்ரசர்களின் ஓசை இறங்கி நின்றது. ஐயரின் மணி தானாக நின்றது. அந்த அமைதியில் பேனலுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அது என்ன என்று அறையில் மூன்று பேருக்குத் தெரியும். எஞ்சினை ஓடச் சொல்லிப் பேனல் கொடுத்த உத்தரவு. பேனலுக்கு மின்சாரம் தனிக் கம்பியில் வருகிறது. பூட்டு அதைத் தடுக்காது. பூட்டு தடுப்பது ஸ்டார்ட்டரை.

முனிரத்னம் கையை இழுத்தான். வரவில்லை. பாதி முடிச்சில் கயிறு அவன் விரலைச் சுற்றியிருந்தது. அவன் கண் பேனலைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது.

மறுபடியும் 'டக்'.

எஞ்சின் அசையவில்லை. தகடுகளில் வைத்த சந்தனம் இருந்த இடத்திலேயே இருந்தது.

மூன்றாவது முறை 'டக்'. அதன்பிறகு பேனல் நம்பிக்கை இழந்து, சிவப்பு விளக்கைப் போட்டு, ஹூட்டரை அலறவிட்டது. எஞ்சின் கிளம்பவில்லை என்பதற்கான எச்சரிக்கை அது. அத்திபெலே வரை கேட்டிருக்கும். என் சர்வீஸில் கேட்ட சத்தங்களில் அதைவிட இனிமையானது இல்லை.

மேடம் பேனலை ஆஃபுக்குத் திருப்பினார். ஹூட்டர் நின்றது. ஐயரின் தட்டிலிருந்த கத்தியை எடுத்து நான் கயிற்றை அறுத்தேன். முனிரத்னம் கையை வெளியே எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"மூணு தடவ கூப்டுச்சுபா என்ன" என்றான். "நான் போவல."

யாரும் சிரிக்கவில்லை. அவனே முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, தரையில் உட்கார்ந்துகொண்டான். "பூட்டுதான் இருக்குதே, வெளக்கு மட்டும் எரியட்டும்னு திருப்புனேன் மேடம்" என்றான். மேடம் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார்.

எல்லாரும் ஓனரைப் பார்த்தோம். கரண்ட் போனது. ஜெனரேட்டர் வரவில்லை. அவர் சொன்ன நிபந்தனை அப்படியே நடந்திருந்தது. கிடங்கு நிறையத் தசரா ரோஜா. அவர் விசிறியைப் பார்த்தார். அதன் தகடுகளுக்கு நடுவே ஒரு கை நுழையும் இடைவெளியைப் பார்த்தார். தரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த முனிரத்னத்தைப் பார்த்தார்.

"உள்ள இன்னும் யார் கையாவது இருக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன்.

"நல்லா பாத்து சொல்லு."

பார்த்துச் சொன்னேன்.

அதன்பிறகு மேடம் அவசரப்படவில்லை. விசிறியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, கயிற்றின் மிச்சம் ஏதும் இல்லை என்று பார்க்கச் சொன்னார். மாலையை எடுத்து எஞ்சினின் வெளிச்சட்டத்தில் கட்டினோம். கம்பிவலைக் காப்பைப் பொருத்தி ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினோம். ஸ்பேனர்கள் பெட்டிக்குத் திரும்பிவிட்டனவா என்று பார்த்தோம். ஓனர் நகராமல் நின்று ஒவ்வொன்றையும் கவனித்தார். கிடங்கிலிருந்து ஆள் ஓடிவந்து, குளிர் அப்படியே இருக்கிறது என்றான். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஓனரின் தாயார் மெல்ல மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "பத்தரை ஆயிடுச்சுப்பா. வெள்ளிக்கிழமை, ராகுகாலம் வந்துடுச்சு. இப்ப ஸ்டார்ட் பண்ணக் கூடாது."

"வரட்டும்மா" என்றார் ஓனர். "வர்றது இன்னிக்கு ஏற்கெனவே வந்துட்டுப் போயிடுச்சு." பிறகு மேடத்திடம் திரும்பினார். "மேடம், கம்ப்ரசருக்கும் இதே மாதிரி பூட்டு வாங்கிடுங்க. எல்லா மெஷினுக்கும்."

"ஸரி சார்" என்றார் மேடம். அவர் முகத்தில் அன்றுதான் ஒரு முழுச் சிரிப்பைப் பார்த்தேன்.

பூட்டுகளை எடுக்கும் நேரம் வந்தது. நான் என்னுடையதை எடுத்தேன். மேடம் எடுத்தார். முனிரத்னம் எழுந்து வந்து, சாவியைத் துவாரத்தில் நுழைக்க முடியாமல் தடுமாறினான். நான் உதவக் கை நீட்டியபோது, "வேணாம் குரு, என் பூட்டு" என்றான். அவனே திறந்தான். கைப்பிடியை ஏற்றினான்.

எல்லாரையும் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் அனுப்பினேன். மேடம் பொத்தானை அழுத்தினார். எஞ்சின் ஒரு முறை இருமி, பிடித்துக்கொண்டு, அறையே அதிர ஓடியது. விசிறி சுழன்ற வேகத்தில் தகடுகள் மறைந்து ஒரு சாம்பல் நிற வட்டம் மட்டும் தெரிந்தது. சாமந்தி இதழ்கள் மாலையிலிருந்து பிய்ந்து சுவரில் போய் அறைந்தன. கிடங்கில் விளக்குகள் வந்தன. கம்ப்ரசர்கள் ஒவ்வொன்றாக எழுந்தன.

அந்தச் சத்தத்தில் பேச்சு கேட்காது. ஓட்டம் சீராக இருக்கிறதா என்று எஞ்சினின் மறுபுறம் நிற்கும் ஆளைப் பார்த்துச் சைகையில் கேட்பேன். சரி என்றால் அவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரித்துக் காட்ட வேண்டும். அன்று மறுபுறம் நின்றது முனிரத்னம். நான் அவனைப் பார்த்தேன்.

அவன் இரண்டு கைகளையும் தூக்கினான். பத்து விரல்களையும் விரித்து, நான் தலையசைத்த பிறகும் இறக்காமல், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.